உள்ளே உடைந்ததை எப்படி நிரூபிப்பது?

“கை கால் நல்லா இருக்கு. எலும்பு முறியல. கடவுள் புண்ணியம்.”

என் மூத்த மகள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று, நலம் விசாரித்தவர்களிடமெல்லாம் நான் சொன்ன வார்த்தைகள் இவை. நான்கு நாள் கழித்து ஒரு விடியற்காலையில் அவளுடைய வயிற்றைத் திறந்து, உடைந்துபோன மண்ணீரலை வெளியே எடுத்தார்கள்.

நான் வழக்கறிஞர் அலுவலகத்தில் 27 ஆண்டுகள் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். சாலை விபத்து வழக்குகள்தான் எங்கள் அலுவலகத்தின் சோறு. கால் முறிந்தவர், விரல் போனவர், தோள்பட்டை இறங்கியவர் என்று ஆயிரக்கணக்கான கோப்புகளை என் கையால் திறந்து மூடியிருக்கிறேன். அப்படிப்பட்டவனே சொந்த மகள் விஷயத்தில் தடுமாறினேன். எங்கே தடுமாறினேன், எது எங்களைக் காப்பாற்றியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வேறொரு குடும்பத்துக்கு உதவினால் போதும்.

திங்கள் முதல் வெள்ளி வரை

2022-ஆம் ஆண்டு. மகளுக்கு அப்போது 24 வயது. பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. திங்கட்கிழமை காலை, இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், சந்திலிருந்து திடீரென்று வெளியே வந்த ஒரு கார் அவளை இடித்துவிட்டது. மோட்டார் சாய்ந்தபோது கைப்பிடியின் முனை அவளுடைய இடது விலாவுக்குக் கீழே குத்தியது. முழங்கை சிராய்ப்பு, முட்டி சிராய்ப்பு. அவளே எழுந்து நின்றுவிட்டாள்.

பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு இல்லை. வயிற்றில் சிறிய ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்கள், ரத்தம் எதுவும் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். வலி மாத்திரை, 2 நாள் மருத்துவ விடுப்பு. “வயிற்று வலி கூடினால், மயக்கம் வந்தால் உடனே திரும்பி வாங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மருத்துவமனையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

செவ்வாய், புதன் வீட்டில் இருந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. வியாழக்கிழமை வேலைக்குப் போய்விட்டுப் பாதியில் திரும்பினாள். “இடது தோள் வலிக்குதுப்பா” என்றாள். “விழுந்ததுல சுளுக்கியிருக்கும்மா” என்றேன். என் மனைவி கோடாலித் தைலம் தேய்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணி இருக்கும். குளியலறையில் ஏதோ சத்தம். கதவைத் தள்ளிப் பார்த்தால், சுவரோடு சரிந்து கிடக்கிறாள். முகம் சுண்ணாம்பு வெள்ளை, கை சில்லென்று இருந்தது. காரில் போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு ஓடினேன். 40 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம்.

பதிவு முகப்பில் ஓர் இளம் டாக்டர் கேட்டார், “என்ன ஆச்சு?”

நான் சொன்னேன், “பாத்ரூமில விழுந்துட்டா டாக்டர்.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை விபத்தைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அது நினைவிலேயே இல்லை. 27 ஆண்டு கிராணியின் லட்சணம் இது.

ரத்தம் ஏற்றி, ரத்த அழுத்தம் ஓரளவு ஏறியதும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்ணீரல் கிழிந்திருந்தது. நேராக அறுவை சிகிச்சை அறைக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுக்குள் ஏறக்குறைய 2 லிட்டர் ரத்தம் இருந்ததாக அறுவை சிகிச்சை நிபுணர் வெளியே வந்து சொன்னார். “இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால்...” என்று அவர் ஆரம்பித்தபோது என் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள்.

மண்ணீரல் ஏன் தாமதமாக வெடிக்கிறது?

மண்ணீரல் இடது விலா எலும்புகளுக்கு அடியில், கைப்பிடி அளவில் இருக்கும் உறுப்பு. ரத்தம் நிறைந்தது, மெதுவானது. மேலே மெல்லிய உறை ஒன்று மூடியிருக்கும். அடிபடும்போது உறை கிழியாமல் உள்ளே மட்டும் ரத்தம் கசிந்தால், அந்த ரத்தம் உறைக்குள்ளேயே கட்டியாகத் தேங்கி நிற்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்கேன் கருவி வயிற்றுக்குள் சிந்திய ரத்தத்தைத்தான் தேடுகிறது, அது சிந்தவே இல்லை என்றால் என்ன காட்டும்? சில நாள் கழித்து உறை தாங்க முடியாமல் கிழிகிறது. கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, வலி இடது தோளில் தெரியும். வயிற்றுக்கும் தோளுக்கும் நரம்பு வழியில் அப்படி ஒரு தொடர்பு. நாங்கள் தைலம் தேய்த்தது அந்த வலிக்குத்தான்.

மற்ற உள்ளுறுப்புகளும் இப்படித்தான் ஏமாற்றும். குடலில் சிறு ஓட்டை விழுந்தால் முதல் சில மணி நேரம் வயிறு சாதாரணமாகவே இருக்கும். ஒரு நாள் கழித்துத்தான் காய்ச்சலும் வலியும் முற்றும். சிறுநீரகத்தில் அடிபட்டால் சிறுநீரில் ரத்தம் வரலாம், பின்னாளில் ரத்த அழுத்தம் ஏறலாம். காரில் போனவர்களுக்கு இருக்கைவார் பதிந்த சிவப்புக் கோடு வயிற்றில் இருந்தால், அது உயிரைக் காப்பாற்றிய அடையாளம் மட்டுமல்ல, உள்ளே பார்க்கச் சொல்லும் எச்சரிக்கையும்கூட.

காப்புறுதி நிறுவனத்தின் கேள்வி

வார்டில் இரண்டாம் நாளே ஓர் ஆள் வந்து என் மனைவியிடம் பேசினான். “அக்கா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. முன்பணமா 500 வெள்ளி இப்பவே தரேன்.” நான் யாரென்று தெரிந்ததும் லிஃப்டைத் தேடினான். இப்படி ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதையும் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. வலியில் இருப்பவரின் கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதை நாம் யோசிக்க வேண்டும். காயம் முழுதாகத் தெரிவதற்கு முன்னால் வழக்கை முடித்துப் பணம் பார்ப்பதுதான் அவர்களுடைய கணக்கு.

வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்து என்பதால் சொக்சோவில் மனுச் செய்தோம். வேலை செய்ய முடியாத நாட்களுக்கான உதவித்தொகை கிடைத்தது. சொக்சோ இருந்தால் கார்க்காரர் மீது வழக்குப் போட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. சட்டம் தடுப்பது முதலாளிமீது போடும் வழக்கை. இடித்த மூன்றாம் நபர்மீது போடலாம்.

என் பழைய முதலாளியின் மகள்தான் இப்போது அந்த அலுவலகத்தை நடத்துகிறார். என்னை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். வழக்கை அவரிடமே ஒப்படைத்தேன். மருத்துவ அறிக்கைகள் வந்து சேர்ந்த அன்று கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“அண்ணே, முதல் மருத்துவமனை அறிக்கையில் சதைக் காயமும் சிராய்ப்பும்தான் இருக்கு. ரெண்டாவது மருத்துவமனையில மண்ணீரல் கிழிஞ்சதுன்னு இருக்கு, ஆனா காரணம்னு எழுதியிருக்கிறது குளியலறையில் விழுந்ததுன்னு. இதைச் சொன்னது யாரு?”

“நான்தாம்மா.”

அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு மருத்துவமனை, இரண்டு கோப்பு. ஒன்றில் விபத்து உண்டு, மண்ணீரல் இல்லை. இன்னொன்றில் மண்ணீரல் உண்டு, விபத்து இல்லை. நடுவில் நான்கு நாள். எதிர்பார்த்தபடியே காப்புறுதி நிறுவனத்தின் பதில் வந்தது: சிராய்ப்புக்கு இழப்பீடு தருகிறோம், மண்ணீரல் குளியலறையில் விழுந்ததால் உடைந்தது, அதற்கும் எங்கள் காருக்கும் சம்பந்தம் இல்லை.

விழுந்ததால் உடைந்ததா, உடைந்ததால் விழுந்தாளா? மூன்று ஆண்டு வழக்கு இந்த ஒரே கேள்வியில் நின்றது.

எலும்பு முறிவில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. அன்றே எக்ஸ்ரே எடுக்கிறார்கள், அன்றே முறிவு தெரிகிறது. உள்ளுறுப்பு விஷயத்தில் மூன்றைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். காயம் உண்மையா? அந்த விபத்தால்தான் வந்ததா? அதனால் இனிமேல் என்ன இழப்பு? முதலாவது பெரும்பாலும் எளிது. வழக்குகள் தோற்பது இரண்டாவதில். பணம் குறைவது மூன்றாவதில்.

ஒன்று மட்டும் ஆறுதல். இது குற்ற வழக்கல்ல. சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நீதிபதி நம்பினால் போதும். ஆனால் அந்தச் சுமை வழக்குப் போட்டவருடையது.

தேடி எடுத்த காகிதங்கள்

மருத்துவமனை தரும் அறிக்கை என்பது கோப்பின் சுருக்கம். வழக்கின் உயிர் அந்தச் சுருக்கத்தில் இல்லை, முழுக் கோப்பில் இருக்கிறது. வழக்கறிஞர் இரண்டு மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்டு வாங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவற்றைப் பரப்பி, நானும் மகளும் தேதி வாரியாக அடுக்கினோம்.

முதலில் கிடைத்தது திங்கட்கிழமை அவசரப் பிரிவுத் தாதி கையால் எழுதிய ஒரு வரி. மோட்டார் கைப்பிடி இடித்தது, இடது பக்க வயிற்றில் வலி. டாக்டரின் அறிக்கையில் இல்லாத அந்த வரி தாதியின் குறிப்பில் இருந்தது. அந்தத் தாதி யாரென்று எங்களுக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டும்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. திங்கட்கிழமை ஹீமோகுளோபின் 12.6. வெள்ளிக்கிழமை மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன் எடுத்தது 6.8. இதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. பின்னால் அறுவை சிகிச்சை நிபுணர் நீதிமன்றத்தில் விளக்கினார். திடீரென்று ரத்தம் போனால் இந்த எண் உடனே இறங்காது. போன ரத்தத்தின் இடத்தை உடலின் நீர் நிரப்பி, மீதி ரத்தம் நீர்த்த பிறகுதான் இறங்கும். அதற்குப் பல மணி நேரம் ஆகும். வீட்டில் விழுந்து 40 நிமிடத்தில் வந்தவருக்கு 6.8 இருந்தால், விழுவதற்கு வெகுநேரம் முன்பே ரத்தக் கசிவு தொடங்கியிருக்கிறது.

மூன்றாவது, அறுவை சிகிச்சைக் குறிப்பு. உள்ளே கண்டதை எழுதும் இடத்தில், புது ரத்தத்தோடு பழைய ரத்தக்கட்டிகளும் இருந்ததாக நிபுணர் எழுதியிருந்தார். விடியற்காலையில் ஓர் உயிரைக் காப்பாற்றும் அவசரத்திலும் ‘பழைய’ என்ற சொல்லை அவர் விட்டுவிடவில்லை.

நான்காவது, வெளியே எடுத்த மண்ணீரலைச் சோதித்த ஆய்வக அறிக்கை. இப்படி ஒரு காகிதம் இருக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. அறுத்து எடுத்த உறுப்பை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். உறைக்கு அடியில் கெட்டிப்பட்ட பழைய ரத்தம், ஆறத் தொடங்கிய திசு ஆகியவற்றை அந்த அறிக்கை குறித்திருந்தது. 40 நிமிடத்தில் எந்தத் திசுவும் ஆறத் தொடங்காது.

ஐந்தாவது மருத்துவமனைக் காகிதமே அல்ல. திங்கள் மாலை என் சின்ன மகள் அக்காவின் காயங்களைக் கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள். முழங்கையைத்தான் எடுக்க நினைத்திருக்கிறாள், ஆனால் ஒரு படத்தில் இடது விலாவுக்குக் கீழே ஒரு வெள்ளிக் காசு அளவில் வட்டச் சிவப்பு விழுந்திருந்தது. கைப்பிடி முனையின் அச்சு. படத்தில் தேதியும் நேரமும் இருந்தன. கூடவே வியாழக்கிழமை மகள் தன் மேற்பார்வையாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: வயிறும் இடது தோளும் வலிக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமா?

நான்கு நாள் இடைவெளி இப்படித்தான் நிரம்பியது. திங்கள் தாதியின் குறிப்பும் படமும், வியாழன் செய்தியும், வெள்ளி ரத்தமும்.

இதற்குப் பிறகு வழக்கறிஞர் ஒரு காரியம் செய்தார். பெரிய மருத்துவமனைக்கு மறுபடியும் எழுதினார், ஆனால் வெறுமனே ‘அறிக்கை தேவை’ என்று எழுதவில்லை. திங்கட்கிழமைக் குறிப்புகளையும் படத்தையும் இணைத்து, இந்தக் கிழிசல் அந்த விபத்தோடு பொருந்துகிறதா, குளியலறையில் சரிந்தது காரணமா விளைவா என்று நேராகக் கேட்டார். டாக்டர்கள் கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுதுவார்கள். காரணத்தைக் கேட்காவிட்டால் காரணம் அறிக்கையில் வராது.

என்னுடைய இன்னொரு தவறையும் அவர்தான் திருத்தினார். பழக்க தோஷத்தில், எங்கள் அலுவலகம் வழக்கமாக அனுப்பும் எலும்பு நிபுணரிடமே மகளை அழைத்துப்போகச் சொன்னேன். “அண்ணே, வயிற்றுக்கு வயிற்று டாக்டர்தான் பேசணும்” என்றார். எலும்பு நிபுணர் மண்ணீரலைப் பற்றிச் சொன்னால் எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே ஒதுக்கித் தள்ளும்.

கூண்டில் நின்ற நாள்

விபத்து வழக்குகளைச் செஷன்ஸ் நீதிமன்றம் இழப்பீட்டுத் தொகை எவ்வளவானாலும் விசாரிக்கலாம். அந்தக் கட்டடத்தின் படிகளில் கோப்புகளோடு எத்தனை முறை ஏறியிருப்பேன்! சாட்சியாக ஏறியது அன்றுதான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மரியாதையாகத்தான் கேட்டார். “பாத்ரூமில் விழுந்தார் என்று டாக்டரிடம் சொன்னது நீங்கள்தானே? நீங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தில் 27 ஆண்டு வேலை பார்த்தவர். மருத்துவமனையில் சொல்வது பதிவாகும் என்று தெரிந்தவர். விபத்து காரணம் என்றால் அன்றே சொல்லியிருக்க மாட்டீர்களா?”

“மாட்டேன்” என்றேன். “அன்னைக்கு நான் கிராணி இல்லை, அப்பா. கண்ணால பார்த்ததைச் சொன்னேன். அவ கிடந்ததைத்தான் பார்த்தேன். விழுந்ததை நான் பார்க்கவே இல்லை.”

அதுதான் உண்மையும்கூட. நான் சத்தம் கேட்டுப் போனேன். அவள் சுவரோடு சரிந்து கிடந்தாள். அவள் சொன்னபடி, தலை சுற்றியது, சுவரைப் பிடித்தாள், அவ்வளவுதான் நினைவு. புதிதாக ஓர் அடிகூட உடம்பில் இல்லை என்பதைப் பெரிய மருத்துவமனையின் பரிசோதனைக் குறிப்பும் காட்டியது.

அறுவை சிகிச்சை நிபுணர் அதற்குள் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகியிருந்தார். அழைப்பாணை அனுப்பி வரவழைத்தோம். ரத்த எண்ணிக்கை, பழைய கட்டி, ஆய்வக அறிக்கை மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்கி, ஆரோக்கியமான மண்ணீரல் சுவரோரம் சரிந்து உட்கார்ந்ததற்கெல்லாம் இப்படிக் கிழியாது என்றார்.

மூன்றாவது கேள்வி

“மண்ணீரல் இல்லாமலும் மனிதர் வாழலாம்” என்று எதிர்த்தரப்பு சொன்னது. வாழலாம்தான். ஆனால் எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் நுழையும் சில கிருமிகளை வடிகட்டுவது மண்ணீரலின் வேலை. அது இல்லாதவருக்குச் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்குவது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் ஆயுள் முழுவதும் கூடவே இருக்கும் ஆபத்து. அதனால் நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் போட வேண்டும், சிலவற்றைத் திரும்பவும் போட வேண்டும். காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுப் படுக்க முடியாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். வயிற்றைத் திறந்தவர்களுக்குக் குடல் ஒட்டிக்கொள்ளும் தொல்லை பின்னாளில் வரலாம். இவையெல்லாம் நிபுணர் அறிக்கையில் எழுத்தில் இருந்தால்தான் வருங்காலச் செலவாக நீதிமன்றம் பார்க்கும்.

தழும்பையும் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார் வழக்கறிஞர். நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை நீளும் தழும்பு. நான் மறுத்தேன். கல்யாணம் ஆக வேண்டிய பெண், இந்தப் படம் கோப்பில் கிடக்க வேண்டுமா? மகள்தான் சொன்னாள், “அப்பா, உள்ளே போனது யாருக்கும் தெரியாது. வெளியே தெரியிறது இது ஒன்னுதான். இதையும் மறைச்சா நான் என்னத்தைக் காட்டுறது?” பெண் டாக்டரிடம் போய் அவளே எடுத்துக் கொடுத்தாள். பிறகு பெண் பார்க்க வந்த குடும்பத்திடமும் அவளே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு குடும்பம் திரும்பி வரவில்லை. இன்னொரு குடும்பம் வந்தது. அந்தத் தம்பிதான் இப்போது எங்கள் மருமகன்.

செலவுகளுக்கு ரசீது வேண்டும். போக்குவரத்து, மருந்து, பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவு எல்லாவற்றையும் வழக்கு மனுவில் குறிப்பிட்டு, காகிதத்தோடு நிரூபிக்க வேண்டும். சம்பள இழப்புக்குச் சம்பளச் சீட்டு. வருங்காலச் சம்பள இழப்பைக் கணக்கிடும் வயது வரம்பு முன்பு 55 ஆக இருந்தது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் திருத்தம் 2019-இல் நடப்புக்கு வந்தபின் அது 60. வலிக்கும் வேதனைக்கும் 2018-இல் திருத்தப்பட்ட வழிகாட்டிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. எந்தக் காயத்துக்கு எந்த அளவு என்று அது காட்டும், ஆனால் நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. மண்ணீரல் திங்கட்கிழமை விபத்தில்தான் அடிபட்டது என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். மகளும் சந்தில் கொஞ்சம் கவனமாக வந்திருக்கலாம் என்று 20 விழுக்காட்டுப் பொறுப்பை அவள்மீது வைத்தார். எவ்வளவு கிடைத்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். இனி வரப்போகும் காய்ச்சல்களுக்குப் பயப்படாமல் மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குக் கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் கொடுங்கள். எங்கே இடித்தது, எது உடம்பில் பட்டது என்பதைப் புகாரிலும் டாக்டரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ‘உடம்பு வலி’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இடம் சொல்லுங்கள்.

வலி கூடினாலோ தோளுக்குப் பரவினாலோ மயக்கம் வந்தாலோ மறுபடியும் மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் உயிர், பிறகுதான் வழக்கு. போகும்போது முதல் வாக்கியமாக விபத்தின் தேதியைச் சொல்லுங்கள். வேறு மருத்துவமனையாக இருந்தால் முதல் மருத்துவமனை கொடுத்த காகிதத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

சிராய்ப்பையும் கன்றிய இடத்தையும் அன்றே படம் எடுங்கள். படத்தை அழிக்காதீர்கள், கைப்பேசியை மாற்றினாலும் பத்திரப்படுத்துங்கள். வலியைப் பற்றி யாருக்கு என்ன செய்தி அனுப்பினாலும் அது சாட்சி.

அறுவை சிகிச்சை நடந்திருந்தால், அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆய்வக அறிக்கை நான்கையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தீபகற்ப மலேசியாவில் இப்படிப்பட்ட வழக்கைத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு, அரசாங்கத்தின்மீது என்றால் 36 மாதம்தான். அவகாசம் இருக்கிறது என்று காகிதம் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். டாக்டர்கள் மாற்றலாகிப் போவார்கள், நினைவும் மங்கும்.

உடம்பு தேறுவதற்கு முன்னால் ‘இதோடு எல்லாம் முடிந்தது’ என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் மகள் தன் கைப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறாள். மண்ணீரல் இல்லாதவர், காய்ச்சல் என்றால் உடனடி சிகிச்சை தேவை என்று அதில் எழுதியிருக்கிறது. போன தீபாவளிக்கு முதல் நாள் இரவு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தவளுக்கு உடம்பு சுட்டது. அடுப்பை அணைத்துவிட்டு மருமகன் அவளை அழைத்துக்கொண்டு போனார். சாதாரணக் காய்ச்சல்தான், விடிவதற்குள் திரும்பிவிட்டார்கள். அட்டையைப் பார்த்ததும் பதிவு முகப்பில் என்ன ஆச்சு என்று விசாரித்தார்களாம். 2022-இல் நடந்த விபத்திலிருந்தே தொடங்கிச் சொன்னதாக மருமகன் சொன்னார்.